வாயு விதிகள்: கேஸ் சிலிண்டர் முதல் பஞ்சர் கடை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்பு வேதியியலில் வாயு நிலைமை பாடம் ஆரம்பித்துவிட்டால் போதும், தண்டையார்பேட்டையில் நாங்கள் எடுக்கிற டியூஷனில் பிள்ளைகளின் கேள்விகள் புத்தகத்துக்குள் அடங்காது. அப்பா வெல்டிங் பட்டறையில் இருப்பார், மாமா ஐஸ் ஃபேக்டரியில் இருப்பார், அண்ணன் ஆட்டோ ஓட்டுவார், எல்லாருடைய சந்தேகமும் இவர்கள் வழியாக வந்து சேரும். அப்படித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

மொத்தம் எத்தனை விதி சார்? எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். பிவி = என்ஆர்டி என்ற ஒன்று போதும். அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வருவதும், மோல் எண்ணிக்கை (மூலக்கூறுகள் எவ்வளவு என்பதற்கான அளவு), ஆர் என்ற மாறிலி, கெல்வின் வெப்பநிலை மூன்றையும் பெருக்கி வருவதும் ஒன்று. வெப்பநிலையையும் மோலையும் மாறாமல் பிடித்துக்கொண்டால் மிச்சம் இருப்பது பாயில் விதி. அழுத்தத்தையும் மோலையும் பிடித்தால் சார்லஸ் விதி. கன அளவைப் பிடித்தால் கே-லூசாக். அழுத்தம், வெப்பநிலை இரண்டையும் பிடித்தால் அவகாட்ரோ.

இவை தனித்தனிப் பெயரில் நிற்பதற்குக் காரணம், தனித்தனி ஆட்கள் தனித்தனிக் காலத்தில் கண்டுபிடித்ததுதான். பாயில் 1662-இல், ஜே வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி ஊற்றிக் காற்று எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தார். சார்லஸ் ஹைட்ரஜன் பலூனில் பறந்த ஆள். 1780-களிலேயே வெப்பத்துக்கு வாயு எப்படி விரிகிறது என்று பார்த்துவிட்டு அதை வெளியிடாமலே விட்டுவிட்டார், 1802-இல் கே-லூசாக்தான் எழுதி, அவர் பெயரையும் சொன்னார். அவகாட்ரோ 1811. எல்லாவற்றையும் ஒரே சமன்பாடாக்கியவர் கிளாப்பேரான், 1834-இல்.

கணக்கைப் பார்த்ததும் எந்த விதி என்று தேடாதீர்கள். இதில் எது மாறவில்லை என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உள்ளே இருப்பது வெறும் வாயுதானா? கீழே வருகிற பாதிக் குழப்பம் இதைக் கேட்காததால்தான்.

கெல்வின் எதுக்கு? செல்சியஸ்ல போட்டா என்ன தப்பு?

30 டிகிரி செல்சியஸில் இருக்கிற காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கன அளவு இரண்டு மடங்கு ஆகுமா? ஆகாது. கெல்வினில் அது 303-இலிருந்து 333, அதாவது பத்து சதவீதம்தான் கூடுதல். செல்சியஸில் பூஜ்ஜியம் என்பது தண்ணீர் உறைகிற இடம், அதற்கும் வாயுவுக்கும் எந்த உறவும் இல்லை. வாயுவின் கன அளவை வெப்பநிலைக்கு எதிரே வரைந்து, கோட்டைக் கீழே நீட்டிக்கொண்டே போனால் எந்த வாயுவாக இருந்தாலும் மைனஸ் 273.15 டிகிரியில் போய்த் தொடும். அங்கிருந்து எண்ண ஆரம்பிப்பதுதான் கெல்வின். நிஜ வாயு அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே திரவமாகிவிடும் என்பது வேறு கதை.

டயர்ல காத்து 32-னு மீட்டர் காட்டுது. வெயில்ல ஓடினதுக்கு அப்புறம் எவ்வளவு காட்டும்?

இதில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட மாட்டிக்கொள்ளும். பஞ்சர் கடை மீட்டர் காட்டுகிற 32 என்பது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்கிற கணக்கு. ஓட்டை விழுந்து தட்டையாகிப் போன டயரிலும் காற்று இருக்கிறது, ஆனால் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். வாயு விதிக்கு முழு அழுத்தம் வேண்டும். அதனால் வளிமண்டலத்தின் 14.7-ஐச் சேர்த்து 46.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அலகு) என்று எடுக்க வேண்டும்.

காலையில் 27 டிகிரியில் அடித்த காற்று, மதியம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடி 57 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 கெல்வின் 330 ஆகிறது, பத்து சதவீதம் கூடுதல். 46.7 என்பது 51.4 ஆகும். அதில் 14.7-ஐக் கழித்தால் மீட்டர் ஏறக்குறைய 36.7 காட்டும். 14.7-ஐச் சேர்க்காமல் 32-ஐ நேரடியாகப் போட்டவர்களுக்கு 35.2 வரும், மதிப்பெண் போகும். சூடான டயரில் மீட்டர் அதிகமாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். வண்டி நிறுவனங்கள் சொல்கிற அளவு டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதற்கானது. சூட்டில் இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாகத்தான் இருக்கும்.

வீட்டு சிலிண்டர்ல கேஸ் பாதி தீர்ந்தா அழுத்தமும் பாதி ஆகணும்ல? அப்படின்னா அடுப்பு ஏன் ஒரே மாதிரி எரியுது?

நல்ல கேள்வி, பிவி = என்ஆர்டியை நம்பினால் வரவேண்டிய கேள்வியும்கூட. பதில், அந்தச் சிலிண்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி வாயுவே இல்லை என்பதுதான். மணலியில் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கிற புரொப்பேன், பியூட்டேன் இரண்டையும் கலந்து திரவமாக அடைத்துக் கொடுக்கிறார்கள். நிலைமாறு வெப்பநிலை என்று ஒன்று உண்டு, அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது. புரொப்பேனுக்கு அது சுமார் 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. நம் ஊர் வெயில் அதன் பக்கத்தில்கூடப் போகாது, அதனால் கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும்.

திரவத்துக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அதில் ஆவி இருக்கும். அடுப்பைத் திறந்தால் அந்த ஆவி வெளியே போகிறது, உடனே கொஞ்சம் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. அழுத்தம் எவ்வளவு திரவம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது கிடையாது, வெப்பநிலையையும் கலவையையும் மட்டும்தான் பொறுத்தது. அதனால் 14 கிலோ இருக்கும்போதும் 2 கிலோ இருக்கும்போதும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம், அதையும் ரெகுலேட்டர் குறைத்து ஒரே சீராக அனுப்புகிறது. கடைசிச் சொட்டுத் திரவம் போன பிறகுதான் பிவி = என்ஆர்டிக்கு வேலை, அதற்குள் அம்மா அடுத்த சிலிண்டருக்குப் பதிவு பண்ண ஓடிக்கொண்டிருப்பார்.

பாட்டி சிலிண்டர் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பார்ப்பது இதனால்தான் வேலை செய்கிறது. துணியால் நன்றாக நனைத்துவிட்டு எடுத்தால், வெறும் ஆவி இருக்கிற மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். திரவம் இருக்கிற கீழ்ப்பகுதி சூட்டை நிறைய வாங்கிக்கொண்டும் மெதுவாகத்தான் சூடேறும், அதனால் ஈரம் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். ஈரக்கோடு எங்கே முடிகிறதோ அதுதான் திரவத்தின் மட்டம். கடைசியில் அடுப்பு மங்குகிறது என்று சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டுகிறார்களே, அது மட்டும் வேண்டாம். ஆவி வரவேண்டிய வாயில் திரவம் வந்தால் ரெகுலேட்டர் அதற்குச் செய்யப்பட்டது இல்லை, அடுப்பில் தீ பெரிதாகச் சீறும்.

கணக்கு பிடித்தவர்களுக்கு: 14.2 கிலோ எரிவாயு, சராசரி மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) 50 என்று வைத்தால் 284 மோல். 30 டிகிரியில், வெளி அழுத்தத்தில் ஒரு மோலுக்கு 24.9 லிட்டர். மொத்தம் ஏழாயிரம் லிட்டரைத் தாண்டும். மொட்டை மாடியில் நிற்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் ஏழு. அத்தனையும் 33 லிட்டர் இரும்புக் குடுவைக்குள், அதுவும் முழுக்க நிரப்பாமல்.

அப்படின்னா ஆக்சிஜன் சிலிண்டருக்கு மட்டும் ஏன் மீட்டர் வெச்சிருக்காங்க?

ஏனென்றால் அதில் இருப்பது வெறும் வாயு. ஆக்சிஜனின் நிலைமாறு வெப்பநிலை மைனஸ் 118 டிகிரிக்கும் கீழே. சென்னையில் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது, அழுத்தம்தான் ஏறிக்கொண்டே போகும். அதனால் முள் பாதிக்கு வந்தால் சரக்கும் பாதி.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் வடசென்னையில் பாதி வீடுகள் இந்தக் கணக்கைப் பெயர் தெரியாமலே போட்டன. ஆளுயர டி டைப் சிலிண்டரின் உள் கொள்ளளவு சுமார் 47 லிட்டர். 150 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) நிரப்பினால் 47 × 150, அதாவது ஏறக்குறைய 7000 லிட்டர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 1400 நிமிடம், ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. முள் 75-க்கு வந்துவிட்டால் இன்னும் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம், அதற்குள் அடுத்ததைத் தேட வேண்டும். பாயில் விதியை இதைவிட நேராக நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அதே ஏழாயிரம் லிட்டர்தான் வீட்டு கேஸ் சிலிண்டரிலும் இருக்கிறது, கவனித்தீர்களா? ஆக்சிஜனுக்கு 150 பார் தாங்குகிற தடித்த உருக்குச் சிலிண்டர் வேண்டியிருக்கிறது, எரிவாயுவுக்கு 30 டிகிரியில் பத்து பாருக்கும் கீழேதான், திரவமாகிவிடுவதால்.

வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் பக்கத்திலேயே நிற்கிற அசிட்டிலீன் மூன்றாவது ரகம். அதைத் தனியாக அழுத்தினால் காற்றே இல்லாமல்கூடச் சிதைந்து வெடிக்கும். அதனால் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை அடைத்து, அதில் அசிட்டோனை ஊற வைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். அதை எப்போதும் நிற்க வைத்தே பயன்படுத்துவதும் அதனால்தான், படுக்க வைத்தால் அசிட்டோன் குழாய் வழியே வந்துவிடும். காசிமேட்டில் படகு ரிப்பேர் பண்ணுகிற எந்த மூத்த வெல்டரிடம் கேட்டாலும் ‘சாய்க்காதே’ என்று முதலில் சொல்வார்.

தீயணைப்பான்ல சிலதுக்கு மீட்டர் இருக்கு, சிலதுக்கு இல்லை. ஏன்?

பவுடர் ரகத்தில் பவுடரைத் தள்ளுவதற்கு நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். அது வெறும் வாயு, கசிந்தால் முள் இறங்கும், பச்சைப் பகுதியைத் தாண்டினால் தெரிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு ரகத்தில் உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்திருப்பதால் பாதி கசிந்து போயிருந்தாலும் அழுத்தம் இறங்காது, மீட்டர் வைத்துப் பிரயோஜனம் இல்லை. தராசில் எடை பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நம் ஊரில் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி. ஜனவரி காலையில் அந்தச் சிவப்புச் சிலிண்டருக்குள் திரவம் தளும்பும். மே மாத மதியம், மாடிப்படி ஓரத்தில் நிற்கிற அதே சிலிண்டருக்குள் திரவம் என்று ஒன்று கிடையாது, எல்லைக்கோடே அழிந்து எல்லாம் ஒரே நிலையில் இருக்கும். ஆண்ட்ரூஸ் என்பவர் பெல்ஃபாஸ்ட்டில் ஆராய்ந்து 1869-இல் சொன்னது இது. அவர் ஊர்க் குளிருக்குச் சூடேற்றிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும், நமக்கு வெயிலே போதும்.

அமோனியா காத்தை விட லேசானதுனு புத்தகத்துல இருக்கு. அப்புறம் எண்ணூர்ல ஏன் தெருவுக்குள்ள வந்துச்சு?

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டிப் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் கண் எரிச்சலோடு வீட்டை விட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை.

மோலார் நிறை 17, காற்றுக்கு 29. ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டால் அமோனியா லேசானதுதான், மேலேதான் போக வேண்டும். ஆனால் கப்பலிலிருந்து குழாயில் வருகிற அமோனியா திரவம், அது கொதிப்பது மைனஸ் 33 டிகிரியில். பெரிய கசிவில் அது ஆவியாகும்போது சுற்றியிருக்கிற காற்றையும் குளிர்வித்துவிடும், காற்றின் ஈரம் பனிமூட்டமாகும், நுண் துளிகளும் கலந்துகொள்ளும். குளிர்ந்த வாயுவுக்கு அடர்த்தி அதிகம், அதுவும் பிவி = என்ஆர்டி சொல்வதுதான். அதனால் சூடேறும்வரை தரையை ஒட்டியே நகரலாம். போகிற திசையை முடிவு செய்வது காற்று. புத்தகத்தின் ஒற்றை வரியை நம்பி ‘மேலே போய்விடும்’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

இதோடு ஒட்டிய கேள்வி: 30 டிகிரியில் அமோனியா மூலக்கூறின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 615 மீட்டர் என்று கணக்கில் வருகிறது, அப்படியானால் வாடை ஒரு நொடியில் அடுத்த தெருவுக்கு வந்திருக்க வேண்டுமே? ஓடுவது உண்மை, நேராக ஓடுவதில்லை. காற்றின் மூலக்கூறுகள் மேல் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை மோதித் திசை மாறுகிறது. லேசான வாயு வேகமாகப் பரவும் என்கிற கிரகாம் விதி இரண்டு வாயுக்களின் விரவலை, அதாவது பரவுவதை, ஒப்பிடத்தான் உதவும், வாடை எப்போது வரும் என்று சொல்லாது.

அமோனியா தண்ணீரில் தாராளமாகக் கரையும். அதனால் ஈரத்துணியை மூக்கு வாயில் பிடித்துக்கொண்டு, காற்று வீசுகிற பாதையிலிருந்து குறுக்காக விலகிப் போக வேண்டும். ஐஸ் ஃபேக்டரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதை வீட்டில் சொல்லி வைப்பது நல்லது, குளிரூட்டுவதற்கு அங்கேயும் அமோனியாதான்.

சமையல் கேஸ் கசிஞ்சா ஃபேன் போடலாமா?

கூடாது, எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. புரொப்பேன் 44, பியூட்டேன் 58, இரண்டும் காற்றைவிடக் கனம். தரையில் தேங்கும், கட்டில் அடியில் போகும், வாசற்படி வழியாக அடுத்த அறைக்கு இறங்கும். ஜன்னலைவிடக் கதவைத் திறப்பது முக்கியம். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு வெளியே வந்து 1906-க்கு ஃபோன் பண்ணுங்கள்.

காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கிற அளவு. நம் பக்கத்துச் சமையலறை ஒன்றை 12 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் இரண்டு சதவீதம் 240 லிட்டர். மோலாக்கினால் பத்துக்கும் கீழே, எடையில் அரை கிலோ கூட இல்லை. அதுவும் அறை முழுக்கச் சமமாகக் கலந்தால். தரையோரம் தேங்கினால் இன்னும் குறைவே போதும். அந்த நாற்றம் கேஸுடையது இல்லை, கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் சேர்க்கிறார்கள்.

திருவொற்றியூர் மாசித் திருவிழாவுல வாங்கின கேஸ் பலூன் மறுநாளே சுருங்கிடுதே?

ரப்பர் பலூனின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டு. ஹீலியம் (4), ஹைட்ரஜன் (2) இரண்டும் காற்றைவிட வேகமாக வெளியேறும். வாயால் ஊதின பலூன் இரண்டு மூன்று நாள் தாங்குவது அதனால்தான். ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிராம் எடையைத் தூக்கும், கொஞ்சம் வெளியேறினாலே பலூன் தரைக்கு வந்துவிடும்.

சில வியாபாரிகள் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டையும் பழைய சிலிண்டரில் போட்டு அங்கேயே ஹைட்ரஜன் தயாரிக்கிறார்கள். வினை சூட்டைக் கிளப்பும், வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும், கன அளவு மாறாது. அழுத்தம் எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

ஈரக்காத்து கனமா இருக்குமா, லேசா இருக்குமா?

லேசு. புழுக்கத்தில் நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்தாலும் உண்மை அதுதான். நீராவி 18, காற்று 29. டால்டனின் பகுதி அழுத்த விதிப்படி மொத்த அழுத்தம் அதேதான், நீராவி வந்த அளவுக்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் இடம் விட்டிருக்கும். 30 டிகிரியில் தெவிட்டிய நீராவியின் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். ஆய்வகத்தில் வாயுவைத் தண்ணீர் மேல் சேகரிக்கிற கணக்கில் அந்த வெப்பநிலைக்குரிய நீராவி அழுத்தத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.

நல்லியல்பு வாயுன்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா?

இல்லை. மூலக்கூறுகளுக்குச் சொந்தக் கன அளவு கிடையாது, ஒன்றை ஒன்று இழுக்காது என்று இரண்டு பொய்களை ஒப்புக்கொண்டு போடுகிற கணக்கு அது. இரண்டையும் திருத்தி 1873-இல் வாண்டர் வால்ஸ் ஒரு சமன்பாடு எழுதினார், 1910-இல் நோபல் பரிசும் வாங்கினார். சாதாரண அழுத்தத்தில் அந்தப் பொய்களால் நஷ்டம் இல்லை. 150 பார் ஆக்சிஜனிலேயே பிழை சில சதவீதம்தான்.

சிஎன்ஜி ஆட்டோவில் கதை வேறு. அங்கே மீத்தேன் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. அந்த நெருக்கத்தில் மூலக்கூறுகளின் ஈர்ப்பு நன்றாகவே வேலை செய்யும், பிவி = என்ஆர்டி சொல்வதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வாயு டேங்கில் அடங்கும். ஆட்டோக்காரருக்கு லாபம்தான், சிஎன்ஜி நிரப்புகிற பங்க்கில் கிலோ கணக்கில் காசு வாங்குவதால் அதுவும் சரியாகிவிடுகிறது.

சைக்கிள் பம்ப் அடிச்சா அடிப்பக்கம் சுடுதே, அது எந்த விதி?

பாயில் விதி இல்லை, அதில் வெப்பநிலை மாறக் கூடாது. வேகமாக அமுக்கும்போது நீங்கள் காற்றின் மேல் செய்கிற வேலை அதன் ஆற்றலாகிறது, சூடு வெளியே போக நேரம் கிடைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டாம், இதே புத்தகத்தில் வெப்ப இயக்கவியல் பாடத்தில் வருகிறது.

கடைசியா, 22.4 போடணுமா 22.7 போடணுமா?

0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தம் என்றால் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர். 0 டிகிரி, 1 பார் என்றால் 22.7. திட்ட அழுத்தம் என்பதை 1982-இல் ஐயுபிஏசி என்ற சர்வதேச வேதியியல் அமைப்பு 1 பார் என்று மாற்றியதால் வந்த குழப்பம். கேள்வியில் அழுத்தம் கொடுத்திருந்தால் அதன்படி போடுங்கள், வெறும் எஸ்டிபி (திட்ட வெப்பநிலை, அழுத்தம்) என்று மட்டும் இருந்தால் உங்கள் புத்தகத்தில் எந்த மதிப்பு இருக்கிறதோ அதை. 30 டிகிரியில் நடக்கிற கணக்குக்கு இரண்டுமே ஆகாது, பிவி = என்ஆர்டியில் போட்டு எடுங்கள். அழுத்தம் வளிமண்டலத்தில், கன அளவு லிட்டரில் இருந்தால் ஆர் 0.0821. பாஸ்கல், கன மீட்டர் என்றால் 8.314.